கதவுக்கு இடம் விடாத சுவர்

நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கூடுவாஞ்சேரியில் இருபத்தோரு வீடு, வண்டலூரில் ஒரு கல்யாண மண்டபம், தாம்பரத்தில் எனக்கென்று மூன்று மாடி. எல்லாம் நான் கட்டியது. தண்ணீர் நிற்கிற இடம், அஸ்திவாரம் தாங்காது என்று இன்ஜினியர்கள் கைவிட்ட மனையிலும் கட்டினேன். இன்றுவரை ஒரு விரிசல் இல்லை.

ஆனால் இங்கே சொல்ல வந்தது நான் இடித்த சுவரைப் பற்றி.

என்னிடம் இருந்த கொத்தனார்களில் கைதேர்ந்தவன் ஒருவன், அந்த வருடம் தனக்குத்தானே பேச ஆரம்பித்திருந்தான். வேலை சுத்தமாக இருந்ததால் நான் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் காலை, கதவுக்கு இடமே விடாமல், தன்னைச் சுற்றி நாலு பக்கமும் செங்கல் வைத்து எழுப்பிக்கொண்டிருந்தான். தடுக்கப் போன மேஸ்திரியின் தலையில் கரணையால் வெட்டிவிட்டான். ஓடவில்லை. அதே கரணையால் கலவை அள்ளி அடுத்த கல்லை வைத்தான்.

மேஸ்திரி பிழைத்துக்கொண்டார். இவன் மேல் கொலை முயற்சி வழக்கு. போலீஸ் கேட்டபோது, "தெளிவாத்தான் இர்ந்தான் சார்" என்றேன். பைத்தியத்தை வைத்து வீடு கட்டுகிறான் என்று என்னை யாரும் சொல்லிவிடக் கூடாதே! போலீஸ் போனதும் சுவரையும் இடித்துவிட்டேன்.

அவனுடைய வக்கீலம்மா தேடி வந்தார். "ஐயா, அவருக்கு மனநோய்னு ஆஸ்பத்திரி குடுத்த சீட்டு மட்டும் போதாது. வெட்டின அந்த நேரத்துல, தான் என்ன செய்யறோம்னோ, அது தப்புன்னோ அவருக்குத் தெரியலைன்னு நாமதான் நிரூபிக்கணும். அந்தச் சுவர் எங்க?"

"இட்ச்சிட்டேம்மா."

"அப்போ நீங்கதான் சுவர். கோர்ட்ல வந்து நில்லுங்க."

செங்கல்பட்டு கோர்ட்டில் அரசு வக்கீல் மடக்கினார். "அன்னிக்குத் தெளிவா இருந்தான்னீங்க. எது பொய்?"

"அன்னிக்கு சொன்னதுதான் சார் பொய். என் பேர் கெட்டுடும்னு சொன்னேன். செவுரு எழுப்புற எவனும் மொதல்ல வாசலுக்குத்தான் எடம் வுடுவான். உள்ள நின்னுகினு தன்னையே மூடிக்கிறவனுக்கு இன்னா தெரியும்?"

"நீங்க டாக்டரா?"

"இல்ல சார். செவுத்தப் பாத்தா கட்னவன் புத்தி தெரியும்."

அடுத்து மேஸ்திரி கூண்டில் ஏறினார். "வெட்டிட்டு என்னையே பாத்து, 'கல்லு எடுத்துனு வாண்ணா'ன்னான் சார்."

குற்றவாளி இல்லை என்று தீர்ப்பாகி, சிகிச்சைக்கு அனுப்பினார்கள். குணமாகி, அக்கா பொறுப்பில் வெளியே வந்தவன் இப்போது என்னிடமே டைல்ஸ் ஒட்டுகிறான். மாத்திரை தவறுவதில்லை. "கரணைய அங்கியே வச்சிட்டு சாப்ட வாடா" என்று மேஸ்திரி கிண்டல் செய்தால் அவனே சிரிக்கிறான்.

தீர்ப்பில், சாட்சி சொன்ன மனநல டாக்டரைப் பாராட்டி எழுதியிருக்கிறது. வக்கீலம்மாவுக்கு அவன் அக்கா மாலை போட்டாள். நான் வெறும் ஒரு சாட்சியாம். நான் சொன்னது பொய் என்று நாலு பேர் முன்னால் என் வாயாலேயே ஒத்துக்கொண்டவன் நான். அவன் விடுதலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.