வளைந்த பிளேட்டும் குழம்புச் சட்டி மூடியும்

பிள்ளையார்பாளையத்தில் வந்து கண்ணாயிரம் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ரேடியோ செட் கண்ணாயிரம் என்று கேட்க வேண்டும். அதற்கும் யாராவது முழித்தால், "பொண்டாட்டி கோச்சுக்கினு போயிட்டாளே, அந்தாளு" என்றால் போதும். தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். போகிற வழியிலேயே மீதிக் கதையையும் சொல்லி முடித்துவிடுவார்கள்.

அவனுடைய சொத்து ஒரு ஆம்ப்ளிஃபயர், பிளேட்டு சுற்றுகிற பெட்டி ஒன்று, மைக் ஒன்று, வாயைப் பிளந்துகொண்டிருக்கும் ஒலிபெருக்கிக் குழாய் இரண்டு, நூற்றுப் பத்து பாட்டுப் பிளேட்டுகள். எழுபதுகளின் ஆரம்பம் அது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் சாயங்காலத்தில் சோபாவில் உட்காரவைத்து ரிசப்ஷன் நடத்துகிற பழக்கம் காஞ்சிபுரத்தில் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. முகூர்த்தத்துக்கு மேளக்காரர். ரிசப்ஷனுக்குக் கண்ணாயிரம்.

முகூர்த்தத்தில் யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று ஐயர் சொல்லிவிடுவார். ரிசப்ஷனில் சொல்ல ஆள் இல்லை. பெண்ணுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. வந்தவர்களுக்கு எப்போது எழுந்து போவது என்று தெரியாது. அதையெல்லாம் பாட்டுதான் சொல்ல வேண்டும். கூட்டம் வந்து உட்காரும் வரைக்கும் மெதுவான பாட்டு. பந்தி நகரவில்லை என்றால் ஓட்டமான பாட்டு. உள்ளே சம்பந்திகள் குரல் உயர்ந்தால் எந்தப் பாட்டாக இருந்தாலும் சத்தத்தைக் கூட்டிவிட வேண்டும். சண்டை தெருவுக்குக் கேட்கக் கூடாது. ஆம்ப்ளிஃபயரின் அந்த ஒரு குமிழைச் சரியான நேரத்தில் திருப்பியதால் மானம் தப்பிய குடும்பங்கள் ஊரில் பல உண்டு. அவர்கள் இன்றைக்கும் அவனைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு போவார்கள்.

ஆனால் கெட்டிக்காரத்தனம் கண்ணாயிரத்துடையது இல்லை. அவன் மனைவி சம்பூர்ணத்துடையது. அவள் வீட்டுக்கு வீடு போய்ப் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பவள். பத்து வீட்டு நடுக்கூடத்தில் உட்காருகிறவளுக்குத் தெரியாத சங்கதி எது? கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பிளேட்டுகளை அவள்தான் வரிசையாக அடுக்கித் தருவாள்.

"இந்த ஊட்ல தாய்ப் பாட்டு போடாத. பொண்ணோட அம்மா செத்து இன்னும் வருசம் திரும்பல."

"செரி."

"மாப்பிள்ளையோட அப்பா தண்ணி போடுவாரு. குடிகாரன் பாட்டு வேணாம்."

"அது நல்ல பாட்டாச்சே!"

"நல்ல பாட்டுதான். அவரு எழுந்து ஆடுவாரு. உன் ஆம்ப்ளிபயரு மேல உயுவாரு."

அப்படி அடுக்கித் தந்தவள் மூன்று வருஷத்துக்கு முன் வாலாஜாபாத்தில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் ஒரு குழம்புச் சட்டி.

அன்றைக்கு அடுப்பிலிருந்து இறக்கிய வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பூனை ஒன்று பரணிலிருந்து குறிபார்த்துக்கொண்டிருந்தது. சட்டி மூடியைக் காணோம். கண்ணாயிரம் வழக்கம்போல் பிளேட்டுகளை அடுக்களை வரை பரப்பி வைத்திருந்தான். சம்பூர்ணம் கைக்கு எட்டிய ஒன்றை எடுத்து மூடிவிட்டு, பூனையைத் துரத்தப் போனாள். திரும்பி வருவதற்குள் பிளேட்டு அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. அது சாதாரணப் பிளேட்டும் இல்லை. கல்யாணமான புதிதில் மூர்மார்க்கெட்டில் அலைந்து அவளுக்காகவே வாங்கி வந்த ஜோடிப் பாட்டு.

"மூடியக் காணோம். நான் இன்னா பண்ணட்டும்?" என்றாள் அவள்.

"ஒயுங்கா வெச்சிருந்தா இருக்கும். உங்கப்பன் ஊட்ல சட்டிக்கு மூடியே கெடையாதா?" என்றான் இவன்.

மூடியைப் பற்றிச் சொன்னதைக்கூட அவள் விட்டிருப்பாள். அப்பனைப் பற்றிச் சொன்னதை விடவில்லை. பிள்ளை குட்டி இல்லை. கையில் ஒரே ஒரு பையோடு பஸ் ஏறினாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒயர் மூட்டையைப் பிரித்தபோது அடியில் மூடி இருந்தது. ஏதோ ஒரு மழைநாள் கல்யாணத்தில் ஆம்ப்ளிஃபயர் மேல் தண்ணீர் சொட்டாமல் இருக்க அவனேதான் எடுத்துப் போயிருந்தான். பித்தளை மூடி.

போய்ச் சொல்லிவிடலாம் என்று நான்கு தடவை வாலாஜாபாத்துக்குப் போனான். நான்கு தடவையும் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினான். டீக்கடைக்காரர் அவனை ஏதோ தாலுகா ஆபீஸ் ஆள் என்று நினைத்துச் சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டுக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைதோறும் மூடியைப் புளி போட்டுத் தேய்ப்பான். முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும். அதில் தெரிவது அவன் முகம்தான் என்பதால் கவிழ்த்து வைத்துவிடுவான்.

தொழிலிலும் கை தடுமாறியது. ஏனாத்தூரில் ஒரு ரிசப்ஷன். பிரிவுப் பாட்டு ஒன்றைப் போட்டான். அந்தப் பெண்ணைக் கேட்டுக் கிடைக்காமல் போன முறைமாமன் பந்தியில் உட்கார்ந்திருப்பது இவனுக்கு எப்படித் தெரியும்? பாட்டு முடிவதற்குள் அவன் இலையிலேயே அழுதான். சோபாவில் பெண்ணும் அழுதாள். மாப்பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சம்பூர்ணம் இருந்தா அந்தப் பிளேட்டு பொட்டிக்கே வந்திருக்காது" என்றார் காஜா. மரத்தில் ஏறிக் குழாய் கட்டுகிற கூட்டாளி அவர். "போய்க் கால்ல உயுந்துடு நய்னா. உன்னால என் பொயப்பும் பேஜாராவுது."

அந்தச் சமயத்தில்தான் வாலாஜாபாத் ரைஸ்மில் முதலாளி குமாரசாமி தன் மகள் ரிசப்ஷனுக்குச் செட் சொல்லி அனுப்பினார். மில் களத்திலேயே பந்தல். களத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் சம்பூர்ணத்தின் தாய்வீடு.

ஒரு குழாயை வாசலில் கட்டினார்கள். இன்னொன்றைப் பின்சுவரில் கட்டச் சொன்னான் கண்ணாயிரம்.

"உம் மாமியார் ஊட்டப் பாக்க நான் எதுக்கு ஏறணும்? நீயே ஏறு" என்றார் காஜா.

அவனே ஏறிக் கட்டினான். குமாரசாமி வந்து பார்த்தார். "இன்னாப்பா, அந்தப் பக்கம் யாரு இருக்கறாங்க? பந்தல் இந்தப் பக்கமில்ல இருக்குது?"

"சவுண்டு அங்க மோதி இங்க வரும் மொதலாளி. அப்பத்தான் கணீர்னு இருக்கும்" என்றான் கண்ணாயிரம், கண் சிமிட்டாமல்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் காஞ்சிபுரத்திலிருந்து வந்து இறங்கினார்கள். இறங்கியதுமே தகராறு. ரோஸ்மில்க் தட்டு முதலில் பெண் வீட்டார் வரிசைக்குப் போய்விட்டதாம். மாப்பிள்ளையின் அத்தை ஜெயம்மாள், "எங்களுக்குத் தாகமே கெடையாதுமா, நாங்கோ ஒட்டகம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான். இரண்டு பக்கமும் இரண்டு கட்சி மாதிரி விறைத்து உட்கார்ந்துவிட்டது. ஒருவரும் மேடை ஏறவில்லை. சோபாவில் பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோ ஸ்டூடியோவில் இருப்பதுபோல் இருந்தார்கள்.

கண்ணாயிரம் ஒரு துள்ளல் பாட்டுப் போட்டான். அசையவில்லை. இன்னொன்று. ஜெயம்மாள் தலைவலி என்றாள். பெட்டிக்குள் கையைவிட்டு அடுத்த பிளேட்டை எடுக்கப் போனவனுக்கு, எதைப் போடுவது என்று கேட்பதற்கு ஆள் இல்லை என்பது அன்றைக்குப் போல் என்றைக்கும் உறைத்ததில்லை. சுவரைப் பார்த்தான். குழாய் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இங்கிருந்து போவதை அங்கே கொட்டும். அங்கே நடப்பது எதையும் கொண்டுவராது.

பெட்டியின் அடியில் துண்டில் சுற்றி வைத்திருந்த அந்த வளைந்த பிளேட்டை எடுத்தான்.

"யா அல்லா! அத்தப் போடாத. இதுக்கப்புறம் ஒரு பய கூப்புட மாட்டான்" என்றார் காஜா.

ஊசியை வைத்தான். பிளேட்டு அலைமேல் படகு மாதிரி ஏறி இறங்கிச் சுற்றியது. கூடவே ஊசியும் ஏறி இறங்கியது. ஆண் குரல் பாதி வரியில் குழைந்து அழுதது. பெண் குரல் அதைத் தேற்றப்போய்த் தானும் வழுக்கி விழுந்தது. குடித்துவிட்டு இரண்டு பேரும் காதலிப்பது போல் இருந்தது. கண்ணாயிரம் நிறுத்தவில்லை.

முதலில் மணப்பெண்தான் சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அவளைப் பார்த்து மாப்பிள்ளை. பிறகு ஜெயம்மாளின் தோள் குலுங்கியது. "அய்யோ, எங்க ஊட்டுக்காரு பாடற மாதிரியே இருக்குதுடி!" என்றாள். பெண் வீட்டு வரிசையிலிருந்து ஒருத்தி, "எங்க ஊட்லயும் இப்டித்தான்கா!" என்றாள். அப்புறம் யார் எந்த வரிசை என்று தெரியவில்லை. ரோஸ்மில்க் தட்டு எல்லாப் பக்கமும் போனது. திட்ட வந்த குமாரசாமி, பாதி வழியில் நின்று, "இன்னொரு தபா போடுப்பா" என்றார்.

மூன்று தடவை போட்டான். களம் முழுக்கச் சிரித்தது. அவன் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவருக்கு மேலே ஒரு தலையும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் குழாயை அவிழ்க்க ஏணி போட்டு ஏறினான். அந்தப் பக்கம் கிணற்றடியில் சம்பூர்ணம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து போட்டது அந்தப் பிளேட்டா?"

"ஆமா."

"இன்னும் தூக்கிப் போடலியா?"

"இல்ல."

"வெயில்ல வெக்காத. இன்னும் வளைஞ்சுக்கும்." குனிந்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

இப்போது இறங்கினால் நேராக டீக்கடைதான் என்று அவனுக்குத் தெரிந்தது.

"சம்பூர்ணம்... அந்த மூடிய நான்தான் எடுத்துக்கினு போனேன். ஆம்ப்ளிபயருக்கு மேல வெக்க."

"இன்னாது? காதுல உயல."

மைக் இல்லாமல் பேசிப் பழகாதவன். கத்திச் சொன்னான். களத்தில் நெல் பரப்பிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நின்று கேட்டார்கள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"ரெண்டு மாசத்துல."

"ரெண்டு மாசத்துல தெரிஞ்சத மூணு வருசம் கயிச்சு சொல்ற."

"வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரிக்கும்."

"தெரியும். தாலுகா ஆபீஸ் ஆளு ஒருத்தரு டீ குடிச்சிட்டே திரும்பிடறாருன்னு டீக்கடக்காரு சொன்னாரு, நீதான்னு புரிஞ்சுக்கினேன். சக்கர தூக்கலா குடிக்கிறியாம்."

கண்ணாயிரம் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"எங்கப்பாவச் சொன்னது?"

"தப்புதான்."

"அத்தையும் சத்தமா சொல்லு."

சொன்னான். கீழே ஒரு கிழவி, "அப்டி கேளுடியம்மா!" என்றாள்.

சம்பூர்ணம் கையைக் கழுவிக்கொண்டு சுவரடிக்கு வந்தாள். "கொயாய எறக்கு. செவுரு பயசு, அத்தயும் தூக்கிக்கினு எறங்காத."

கயிற்றில் கட்டி அவள் பக்கமாக மெல்ல இறக்கினான். அவள் முடிச்சை அவிழ்த்து, குழாயைத் தண்ணீர்க் குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மூடியக் கொண்டாந்து குடுத்துட்டு இத்த எடுத்துக்கினு போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏணியின் கீழே காஜா காத்திருந்தார். "கொயாய் எங்க?"

"அவ வெச்சிருக்கா."

"நாளன்னிக்கி இன்னொரு ரிசப்ஷன் நய்னா! ரெண்டு கொயாய் சொல்லிக்கீறாங்கோ!"

"பொட்டிய நீ எடுத்துக்கினு வா பாய்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

பிள்ளையார்பாளையத்துக்குப் போனவன் வீட்டில் உட்காரக்கூட இல்லை. மூடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினான். மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கண்டக்டர் சாமி விக்கிரகமோ என்று நினைத்து உட்கார இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் அவன் இறங்குவதைப் பார்த்ததும் டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவி வைத்து, சர்க்கரை டப்பாவைத் திறந்தார். கண்ணாயிரம் நிற்காமல் மில் தெருப் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.