நாங்குநேரியில் வாங்கிய வில்வண்டி

பேய் உண்டு என்று எங்கள் சபையில் யாராவது சொன்னால், போதகர் வீடு தேடி வந்து கண்டிப்பார். நான் பள்ளிக்கூடத்து டீச்சர். பிள்ளைகளுக்கு நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வந்தேன். ஆகவே என்னை நம்புங்கள் என்று உங்களிடம் கெஞ்சப் போவதில்லை. இது நடந்தது. பாளையங்கோட்டை ஆற்றுப் பாலத்தின்மேல், என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நடந்தது. வேதபுத்தகத்தின்மேல் கைவைத்துச் சொல்லச் சொன்னாலும் ஒரு வார்த்தையை மாற்ற மாட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம். என் மகள் ஹெப்சிபாவுக்குப் பதினேழு வயது. மெட்ரிகுலேஷன் தேறியிருந்தாள். பாளையங்கோட்டையில் பெண்களுக்கான காலேஜ் வகுப்பில் இடமும் கிடைத்துவிட்டது. எங்கள் வீடோ தச்சநல்லூருக்கு வடக்கே. நடுவில் ஆறு.

என் கணவர் பாக்கியசீலன் டவுணில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. பெண் படித்தவரைக்கும் போதும் என்பது அவர் எண்ணம். ஆனால் வேண்டாம் என்று நேராகச் சொல்லமாட்டார். அவர் வழி வேறு.

"போர்டிங்குல விட மாட்டேன் சாரா. பொழுது அடையுமுன்ன பிள்ள வீட்டுக்கு வந்திரணும். அதுக்குத் தோதா நல்ல வண்டி ஒண்ணு கொண்டா, போகட்டும். இல்லன்னா பேச்ச விட்டுரு."

கிடைக்காது என்று நினைத்துத்தான் சொன்னார். நான் தேடினேன்.

கொஞ்சம் வயல் இருந்ததால் காளைகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள மாரிக்கண்ணு இருந்தார். வண்டிதான் இல்லை. புதிது வாங்க வழியில்லை. கைமாறிய வண்டிதான் பார்க்க வேண்டும். மேலப்பாளையம் சந்தையில் ஒன்று பார்த்தேன். வெளியே பளபளவென்று வர்ணம். சக்கரத்தின் குடத்தில் விரிசல். அதில் மெழுகையும் கரியையும் குழைத்து அடைத்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினேன், உதிர்ந்தது. கொக்கிரகுளத்தில் இன்னொன்று. ஏறி உட்கார்ந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு வில்லும் வேறு வேறு வண்டியில் கழற்றியவை. என் பிள்ளை தினமும் போகப்போகிற வண்டி என்று சொல்லிப் பார்த்தேன். "பைய ஓட்டுனா ஒண்ணும் ஆகாது" என்றார் விற்றவர். வெட்கம் என்பது அவர் முகத்தில் மருந்துக்கும் இல்லை.

மூன்றாவது வண்டி நாங்குநேரியில் இருந்தது.

சங்கரசுப்பிரமணியன் என்று பெயர் சொன்னார்கள். கோயிலுக்குப் பின்தெருவில் பெரிய வீடு, நிறைய நிலபுலன். மாரிக்கண்ணு வண்டிக்கு அடியில் நுழைந்து பார்த்தார். சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். அச்சில் தேய்மானம் இல்லை. கூண்டுக்குப் புதுப்பாய். பின்பக்கம் ஏறி இறங்கும் வாசலில் உயரமான அடைப்புப் பலகை, அதன்மேல் திரை. எல்லாம் கச்சிதம். உள்ளே மட்டும் சுண்ணாம்பு அடித்த வீடு மாதிரி ஒரு வாசனை.

"இவ்வளவு நல்ல வண்டிய ஏன் குடுக்கிய?" என்று கேட்டேன்.

"மகன் மதராசுக்குப் போயி மோட்டாரப் பாத்துட்டு வந்திருக்கான். இனி மாடு பூட்டுன வண்டியில ஏற மாட்டேங்கான்."

"கவிழ்ந்தது, கிவிழ்ந்தது உண்டா?"

"ஒரு நாளும் கெடையாது, டீச்சரம்மா. எங்க குடும்ப வண்டி. ஏறுனவுகள நடுவழியில எறக்கி விட்டதே இல்ல."

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். வண்டியை ஓட்டிக்கொண்டு தெருவில் வரும்போது, வாசல்களில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் நின்றவள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. ஹெப்சிபா விடியலில் புத்தகங்களோடு ஏறுவாள். பித்தளைக் கூஜாவில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுகத் திருகி நான்தான் கொடுப்பேன். மாரிக்கண்ணு சாயங்காலம் வரை அங்கேயே காத்திருந்து அழைத்து வருவார். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இங்கிலீஷ் பாடத்தை எனக்கு வாசித்துக் காட்டுவாள். என் கணவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொள்வார்.

பிறகு ஒரு நாள் கேட்டேன், "கூஜாத் தண்ணி பத்துதாட்டி?"

"நான் குடிக்கிறதுக்குள்ளயே காலியாயிருதும்மா. ஒழுகுது போல."

கூஜாவை நிரப்பி, இரவு முழுவதும் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். காலையில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

ஐப்பசி பிறந்தது. மாரிக்கண்ணு தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"பாப்பா பாலத்து மேல வச்சு தட்டுதும்மா."

"எத?"

"பின்பலகைய. நிப்பாட்டச் சொல்லித்தான் தட்டுதுன்னு நிப்பாட்டுதேன். எறங்கிப் போயி கேட்டா, நான் தட்டலியே அண்ணாச்சிங்குது."

"வெளையாடுதா இருக்கும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பாப்பாவ எறக்கி விட்டுட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்ட வெறும் வண்டியோட ஆத்துக்குப் போனேன்... அப்பயும் தட்டுச்சும்மா."

என் கணவரிடம் நான் வாய் திறக்கவில்லை. எப்போது சாக்குக் கிடைக்கும் என்று காத்திருந்தார் மனிதர். ஹெப்சிபாவிடம் மட்டும் கேட்டேன்.

"சொன்னா அப்பா என்னைய நிப்பாட்டிருவாகம்மா. அதான் சொல்லல."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு நானும் போனேன். காலையில் ஒன்றும் நடக்கவில்லை. பாலத்தை நிம்மதியாகக் கடந்தோம். எனக்கே சிரிப்பு வந்தது.

சாயங்காலம் மழை பிடித்தது. ஊசிக்கோபுரக் கோயில் மணி ஐந்து அடித்தபோது புறப்பட்டோம். வண்ணாரப்பேட்டை வருவதற்குள் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆற்றில் செந்தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. அதன் இரைச்சல் தூரத்திலேயே கேட்டது.

பாலத்தின் முனையில் காளைகள் நின்றன.

மாரிக்கண்ணு அதட்டினார். நகரவில்லை. வாலை முறுக்கினார். சீறி மூச்சுவிட்டுக்கொண்டு நகர்ந்தன.

நான் முன்பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஹெப்சிபா என் பக்கத்தில். எங்களுக்குப் பின்னால், பலகை வரைக்கும், வெறும் பாய்.

வண்டி பின்பக்கமாகத் தாழ்ந்தது.

யாரோ ஏறி உட்கார்ந்தால் தாழுமே, அப்படி. வில் கிரீச்சென்றது.

நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

டொக்.

மழைதான் என்று நினைத்தேன்.

டொக்... டொக்...

பலகையில். உள்பக்கமிருந்து. பலமில்லாத கை தட்டுவது மாதிரி... நிறுத்தி நிறுத்தி.

"அம்மா..." ஹெப்சிபா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "கேக்குதா?"

கேட்டது.

தட்டல் நின்றது. பிறகு சுரண்டல். நகத்தால் மரத்தைச் சுரண்டும் சத்தம். கீழிருந்து மேலாக... பைய... திரும்பவும் கீழிருந்து...

புளித்த நாற்றம் ஒன்று வந்தது. நோயாளி படுத்த அறையின் நாற்றம்.

"மாரிக்கண்ணு! நிப்பாட்டு!"

"மாட்டேம்மா!" அவர் குரல் கிழிந்தது. சாட்டை சுழன்றது. வண்டி குலுங்கி ஓடியது.

டொக் டொக் டொக் டொக்...

இப்போது நிறுத்தாமல். வெறிபிடித்த மாதிரி.

நான் ஜெபம் சொல்ல வாயைத் திறந்தேன்.

கூஜா எங்கள் காலடியில் இருந்தது.

அதன் மூடி திரும்பியது.

என் கண்ணால் பார்த்தேன். நான் இறுகத் திருகிய மூடி... கர்... கர்... என்று தானாகத் திரும்பியது. பாதியில் நின்றது. திருகச் சக்தியில்லாத விரல் விட்டுவிட்டது மாதிரி.

ஹெப்சிபா குனிந்தாள்.

"தொடாதட்டி!"

"தாகமா இருக்கும்மா... அவளுக்கு."

மூடியைக் கழற்றினாள். முழங்காலால் நகர்ந்து பின்பக்கம் போனாள். அந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சொன்னாள்...

"இந்தாங்கக்கா."

கூஜாவைச் சாய்த்தாள்.

தண்ணீர் விழுந்தது. பாயில் விழவில்லை. பலகையில் தெறிக்கவில்லை. கூஜா வாயிலிருந்து ஒரு சாண் கீழே வந்தது... அதற்குக் கீழே காணவில்லை.

தொண்டையில் மடக் மடக்கென்று இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கூஜா காலியானது.

தட்டல் இல்லை.

வண்டி பின்பக்கம் லேசாக எழும்பியது. பாலம் முடிந்திருந்தது.

வீடு வந்து சேர்ந்தோம். நான் பாயைத் தடவிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

மறுநாள் மாரிக்கண்ணு வேலைக்கு வரவில்லை. அவர் சொல்லித் தெருவுக்குத் தெரிந்தது; தெரு சொல்லி என் கணவருக்குத் தெரிந்தது. அன்றுவரை பேய், பிசாசு என்று யாராவது பேசினால் படிக்காத ஜனம் என்று ஏளனம் செய்தவர் அவர். அன்றைக்கு ஒரு கேள்வி கேட்காமல் நம்பினார். அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

"வயசுப்பிள்ளய ஊரு சுத்த விட்டா இதுதான் நடக்கும். இனி காலேஜ் பேச்சு இந்த வீட்டுல எடுக்கப்படாது."

"வேற வண்டி பாக்கேன்" என்றேன்.

"பாத்தது போதும்."

"என்னைய அது ஒண்ணும் செய்யலப்பா" என்றாள் ஹெப்சிபா. "தண்ணி கேட்டுச்சு. குடுத்தேன். அவ்வளவுதான்."

அவர் காதிலேயே வாங்கவில்லை. போதகரைக் கூட்டிவந்து அவள் தலையில் கைவைத்து ஜெபிக்கச் சொன்னார். போதகரிடம் நான் கேட்டேன், இவள் படிப்பை நிறுத்தலாமா என்று. தகப்பன் சொல்லுக்குக் கீழ்ப்படிவதே நல்லது என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். தை மாதத்தில் ராதாபுரத்துப் பக்கம் ஒரு பெரிய குடும்பத்தில் ஹெப்சிபாவைக் கட்டிக்கொடுத்தார்கள். அவளுடைய புத்தகங்களை நான் பெட்டியில் வைத்தேன். "அது அங்க எதுக்கு?" என்று என் கணவர் வெளியே எடுத்துவைத்தார். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வண்டியை உடைத்து எரித்துவிடச் சொல்லி என் கணவரிடம் மன்றாடினேன். நான் கல்யாண வேலையில் இருந்தபோது சாத்தான்குளத்துக்காரர் ஒருவருக்கு அதை விற்றுவிட்டார். பிரசவத்துக்கு வரப்போகும் மகளுக்காக வாங்குகிறாராம்.

"அவுககிட்ட சொன்னீயளா?" என்று கேட்டேன்.

"அவுக கேக்கல" என்றார்.

அந்த ஆளுக்கு நானே ஆள் அனுப்பி எல்லாம் சொன்னேன். பாதி விலைக்கு வண்டியைத் திரும்பப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று சிரித்தாராம்.

கல்யாணம் முடிந்த பிறகு நான் தனியாக நாங்குநேரிக்குப் போனேன். சங்கரசுப்பிரமணியன் வீட்டில் இல்லை என்றார்கள். உள்ளே அவர் இருமுவது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. அந்த வண்டியை முன்பு ஓட்டியவர் யார் என்று விசாரித்துக்கொண்டு போனேன். ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் இருந்தார். பலவேசம் என்று பெயர். வண்டி என்று நான் சொன்னதுமே எழுந்து வாசல் படலைச் சாத்தினார்.

"அவுக மருமக வடிவம்மாதாம்மா. வந்து ஒரு வருசங்கூட ஆகல. வாந்திபேதி கண்டுருச்சு. வீட்டுல வச்சிருந்தா எல்லாருக்கும் ஒட்டிக்கிடும்னு, ராத்திரியோட ராத்திரியா தாய்வீட்டுக்கு, மானூருக்குக் கொண்டு போகச் சொன்னாக. புருசங்காரரு எம்பக்கத்துல முன்னால உக்காந்துகிட்டாரு. பின்னால அது மட்டுந்தான். தண்ணி தண்ணின்னு கேட்டுச்சு. பேதிக்குத் தண்ணி குடுக்கப்படாதுன்னுட்டாரு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார்.

"மூன்றடைப்பு தாண்டி சத்தம் நின்னுச்சு. எட்டிப் பாத்துட்டு, உசிரு போயிட்டுன்னு அவருதான் சொன்னாரு. வேட்டிய எடுத்து மூஞ்சிய மூடுனாரு. சரி, பொணமா கொண்டு ஒப்படைச்சிருவோம்னு போனோம். ஆத்துப் பாலத்துல ஏறுனோம் பாருங்க... தட்டுச்சும்மா."

"நிப்பாட்டலியா?"

"நிப்பாட்டத்தான் போனேன். பொணம் தட்டுதுலே, பேயாயிட்டா, வெரட்டுலேன்னு சாட்டைய எங்கையிலருந்து புடுங்கி அவரே மாட்ட அடிச்சாரு. கீழ அம்புட்டுத் தண்ணி ஓடுது. பாலம் தாண்டியும் தட்டுச்சு. டவுணு தாண்டியும் தட்டுச்சு. மானூரு கிட்ட வரையில நின்னுட்டு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"விடியக்காலம் அவுக அம்மா வந்து தெரைய விலக்குனாக. படுக்க வச்ச எடத்துல இல்ல. பின்பலகையில சாஞ்சு உக்காந்திருந்துச்சு. வெரல்ல ஒண்ணுலயும் நகம் இல்ல. நாந்தாம்மா தூக்கி எறக்குனேன்...

ஒடம்புல இன்னும் சூடு இருந்துச்சு."