அமாவாசையில் ஓடிய தறி

இன்றைக்கு அமாவாசை. நெசவுக்கு விடுமுறை, எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது.

மத்தியானம் எதிர்வீட்டு முருகேசன் வாசலில் வந்து நின்றார். "இன்னாக்கா, அமாவாசையும் அதுவுமா தறி ஓட்டிக்கினு கீறீங்க? தெரு பூரா சத்தம் கேக்குது."

எனக்கு மானமே போச்சு.

உள்ளே என் பேத்தி கவிதா லேப்டாப்பில் தறி விளையாட்டு செய்துகொண்டிருந்தாள். படமும் சத்தமும் ஓட்டுவதற்கு யாரோ முன்னாடியே எழுதி வைத்த புரோகிராம் தொகுப்பு இருக்குதாம், அதுக்கு லைப்ரரின்னு பேராம். இவள் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் நாலு வரி எழுதி அதைக் கூப்பிட்டால், போனில் பிடித்து வைத்த எங்கள் தறிச் சத்தம் அப்படியே வருகிறது. நான் அஞ்சாவதோடு நின்றவள், என் பேத்தி சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

முருகேசனை உட்காரவைத்துக் காட்டினோம். முப்பது வருஷம் நெய்தவர், மூன்று தடவை ஆடி, மூன்று தடவையும் இழையோடு குறுக்கே ஓடுகிற நாடாவைப் பிடிக்காமல் தவறவிட்டார்.

"சத்தத்த கொறச்சிடும்மா, இன்னொரு தபா ஆடறேன்" என்றார்.

இப்போ அமாவாசையில் தறி ஓட்டினது யாரு? நீங்களே சொல்லுங்கப்பா.