வாய் திறக்கக்கூடாத பெட்டி

போன சனிக்கிழமை வீட்டில் படம் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி ரயில் வாசலில் நிற்கிறாள், தலைமயிர் காற்றில் பறக்கிறது. அடுத்த பெட்டியிலிருந்து கதாநாயகன் எட்டிப் பார்த்ததும் பாட்டுத் தொடங்கிவிட்டது. நீயும் அப்பாவும் ரயிலில்தானே பழகினீர்கள், இப்படித்தானா என்று மகள் டேனிஷில் கேட்டாள். சோபாவில் இருந்த என் கணவர் உடனே எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டார். கள்ளன்!

எங்கள் ரயிலில் ஜன்னல் திறக்காது, பிறகு எங்கே காற்று? நனைந்த ஜாக்கெட்டுகளின் மணமும் யாரோ ஒருவரின் கோப்பி மணமும்தான். அந்த மணம் பட்டால் இன்றைக்கும் எனக்கு நாங்கள் ரயில் ஏறும் கோல்டிங் ஸ்டேஷன் ஞாபகம் வந்துவிடும். பக்கத்து நகரமான பிரெடெரிசியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இவர் அங்கே ஒரு பாக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தார். கோயில் திருவிழாவில் கண்ட முகம், பெயர் தெரியும், அவ்வளவுதான்.

படத்தில் என்றால் முதல் நாளே வந்து கதைத்திருப்பார். இங்கே எப்படி? அதே ரயிலில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர்! உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. கோல்டிங்கில் இரண்டு வார்த்தை கதைத்தால் நாங்கள் இறங்குமுன் செய்தி யாழ்ப்பாணம் போய்விடும். டென்மார்க் ரயில்களில் அமைதிப் பகுதி என்று ஒன்று உண்டு. அங்கே போனிலும் கதைக்கக்கூடாது, நேரிலும் கதைக்கக்கூடாது. எங்கள் சனம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. நான் அதற்குள் போய் இருக்கத் தொடங்கினேன். அடுத்த கிழமை பார்த்தால் இவரும் எதிரில் இருக்கிறார். யாராவது கேட்டால், "அங்கை கதைக்கவே ஏலாதே" என்று சொல்லிவிடலாம். எங்கள் மூளை எப்படி!

அப்படியே ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டே போனோம். பிறகு எனக்கு லண்டனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம், மறுக்கக் காரணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். ஊர் வாய் புண்ணியத்தில் அது இவர் காதிலும் விழுந்திருந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை வரை மனுசன் வாய் திறக்கவில்லை. இப்படியே இறங்கிப் போய்விட்டால் என் வாழ்க்கை லண்டனில்தான். நீயாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். எனக்கு மட்டும் எங்கே துணிவு?

பிரெடெரிசியா கிட்டியது. ஆட்கள் எழும்பத் தொடங்கிவிட்டார்கள். இவர் திடீரென்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "லண்டனுக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டீரோ?" என்றார்.

"இன்னும் இல்லை."

"அப்ப சொல்லாதையும்."

பக்கத்தில் இருந்த டேனிஷ் கிழவர் பேப்பரை இறக்கி, ஜன்னலில் ஒட்டியிருந்த அறிவிப்பை விரலால் தட்டிக் காட்டினார். படத்தில் இந்த இடத்தில் ஒரு பட்டாளமே ஆடும். எங்களுக்கு ஒரு விரல்தான் ஆடியது. இவர் கிழவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்க, நான் சிரிப்பை அடக்க முடியாமல் கதவடிக்கு ஓடினேன். லண்டனுக்கு அன்று பின்னேரமே இல்லை என்று சொல்லியாயிற்று.

கல்யாணம் முடிந்த கையோடு கார் வாங்கினோம். பிள்ளை, பள்ளிக்கூடம், ஆளுக்கொரு ஷிப்ட் என்று வந்தபின் இரண்டாவது காரும் வந்தது. எங்கள் ஆட்களில் இப்போது அந்த ரயிலில் போகிறவர்களைக் காணக் கிடைப்பதில்லை. இவர் வரும்போது நான் புறப்படுகிறேன். "சோறு இருக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ" என்பதுதான் எங்கள் வசனம். வேறொரு சோலியும் இல்லாமல் இந்த மனுசன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த காலைகள் போனது போனதுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பார்வைக்கு இந்த வயதிலும் எனக்கு ஆசையாக இருக்கிறது.