இரண்டு தேதி போட்ட பிளெக்ஸ்

என் அப்பா ஓமலூரில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். பந்தைக் காலால் தொட்டவரே அல்ல. கல்யாணத்துக்கு முன்பு டிவியில் ஒரு ருமேனியாக்காரர் கோல் போட்டதைப் பார்த்தார், அத்தோடு ஆள் காலி. அந்த ஆட்டக்காரர் ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்றும் தன் ஊர்க் கடைத்தெருவுக்குக் காய் வாங்கப் போனால் கூட்டம் மொய்க்கிறதாம். அதைக் காட்டும் வீடியோவை என் சாப்பாட்டுத் தட்டுக்கு மேல் நீட்டி நீட்டி அப்பா உயிரை எடுப்பார். வருஷா வருஷம் அந்த ஆட்டக்காரர் பிறந்தநாளுக்குத் தெருமுனையில் பிளெக்ஸ் வேறு.

திருச்செங்கோட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே அந்தப் பிறந்தநாளும் வந்து தொலைத்தது. மாப்பிள்ளையின் போட்டோ எனக்குப் பிடித்திருந்தது. இந்த இடம் அமைய வேண்டுமே என்று நிஜமாகவே ஆசைப்பட்டேன். இந்த ஒரு தடவை பிளெக்ஸ் வேண்டாம் என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள். அப்பா கேட்கவில்லை. புதுமையாக இருக்கட்டும் என்று, நரைத்த தலையோடு ருமேனியாக்காரர் படம், இடப்பக்கம் பிறந்த தேதி, வலப்பக்கம் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற தேதி, கீழே சின்னதாகத் தன் படம். அவரைத் தெரியாதவர் யார் என்று வாழ்த்து ஒரு வரிகூடப் போடவில்லை. நம் ஊரில் அப்படி இரண்டு தேதி போட்டால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். அது அப்பாவுக்கு மட்டும் தோன்றவில்லை.

கேசரி ஆறிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுல பெரியவர் ஒருத்தரு தவறிப்போயிட்டாராட்ட இருக்குது. நாங்க இன்னொரு நாளைக்கு வாரமுங்க."

எனக்கு அழுகை முட்டியது. அம்மா அந்த ருமேனியாக்காரரைக் குடும்பத்தோடு திட்டினாள். அப்பா சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடினார். பட்டுப்புடவையோடு நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். அவர்கள் கார் வந்த வழியே திரும்பி நின்றது. மாப்பிள்ளை மட்டும் இறங்கி, பிளெக்ஸ் முன்னால் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா மூச்சு வாங்கியபடி விளக்க ஆரம்பிப்பதற்குள் மாப்பிள்ளையே தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாராம்.

"அவரு சாகலம்மா. ரெண்டாவது, வெளையாட்ட உட்ட தேதி. எனக்குத் தெரியாதா?"

கார் எங்கள் வாசலுக்கு வந்தது. அன்று அவர்கள் இருவரும் பேசியதைப் பார்த்தவர்கள், மாப்பிள்ளை என் அப்பாவைத்தான் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். என்னை ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

கல்யாணம் ஆனால் ருமேனியாவிலிருந்து தப்பிக்கலாம் என்றிருந்தேன். ஒன்றுக்கு இரண்டாக வாய்த்தது. மாமியாருக்குத்தான் மனசு கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு இரண்டு தேதி போட்ட தோஷம் கழிய வேண்டுமென்று, போன பிறந்தநாளுக்கு எல்லோரையும் கோயிலுக்குக் கூட்டிப் போய் அவர் பேருக்கு அர்ச்சனை செய்யச் சொன்னார். குருக்கள் பேரை இரண்டு தடவை கேட்டு எப்படியோ சொல்லிப் பழகிக்கொண்டார். அடுத்து நட்சத்திரம் கேட்டார். ருமேனியாக்காரர் போட்ட கோலையெல்லாம் ஒப்பிக்கிற என் அப்பாவும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனுஷன் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. என் நட்சத்திரத்தைச் சொன்னேன்.