வத்துக் கடல்

கடலைப் பார்ப்பதற்காக வாழ்க்கையில் முதன்முறையாக நான் போன அன்று, கடல் அங்கே இருக்கவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, நாங்கள் கனடாக் குடியுரிமை எடுத்ததற்கு அடுத்த கோடை. மொன்றியலில், கார்ட்டியர்வில் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஆறு ஒன்று இருந்தது. பனிக்காலத்தில் உறைந்துவிடும், கோடையில் சோம்பேறியாகக் கிடக்கும். தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்பாவுக்குத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று அம்மா சொல்வார். அப்பா மன்னாரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். மொன்றியலில் தலையணை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். அங்கே அவருடைய கடலறிவு எவருக்கும் தேவைப்படவில்லை. பிரெஞ்சில் வரும் கடிதங்களை நான்தான் அவருக்குப் படித்துச் சொல்வேன். தொலைபேசியில் யாராவது பிரெஞ்சில் கதைத்தால் கையைச் சுட்டதுபோல ரிசீவரை என்னிடம் தந்துவிடுவார்.

அந்தக் கோடையில் லண்டனில் இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்களைக் கூப்பிட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியோடு தன்னுடைய வான் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு கடற்கரை ஊர் ஒன்றுக்குப் புறப்பட்டார். வெள்ளைக்காரர்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கோடைக்குப் போய்க் குளித்து, வறுத்த மீன் தின்றுவிட்டு வருகிற ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊரின்மேல் எனக்கு வழக்கு ஒன்றும் கிடையாது.

“முதல்ல பியருக்குப் போவம்” என்றார் மாமா.

“பிள்ளையையும் வச்சுக்கொண்டு காலமை வெள்ளனவே பியரோ?” என்று அம்மா பாய்ந்தார்.

மாமா சிரித்த சிரிப்பில் வான் ஒருதரம் பக்கத்துப் பாதைக்குப் போய் வந்தது. கடலுக்குள் நீட்டிக் கட்டிய மரப்பாலத்துக்கும் ஆங்கிலத்தில் அதுதான் பெயராம். அம்மா கடைசிவரை நம்பவில்லை.

அந்தப் பாலத்திலேயே என் பயம் தொடங்கிவிட்டது. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி. கீழே பார்த்தால் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சேறு, அதில் பாசி பிடித்த தூண்கள். விளையாட்டுக் கூடத்தின் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாலுமிப் பொம்மை இருந்தது. யாராவது காசு போட்டால் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். காசு தீர்ந்ததும் வாயைத் திறந்தபடியே நின்றுவிடும். நான் அம்மாவின் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. பாலத்தை விட்டு மணலில் இறங்கினால் கடற்பறவை ஒன்று மாமியின் கையிலிருந்த மட்டன் ரோல்ஸைப் பறித்துக்கொண்டு போயிற்று. மாமி போட்ட கூச்சலில் மீதி ரோல்ஸும் மணலில் விழுந்தது.

அப்பா மட்டும் அன்றைக்கு வேறு ஆளாக இருந்தார். மணலில் சில கழுதைகள் நெற்றியில் பெயர்ப்பட்டி கட்டி, வரிசையாக நின்றன. பிள்ளைகள் ஏறிச் சவாரி போனார்கள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எங்கட மன்னாரில உதுகள் நடுறோட்டில படுத்துக் கிடக்கும். பஸ்தான் விலத்திப் போக வேணும். இஞ்ச பார், ராசாக்கள் மாதிரி நிக்கினம்!” அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. எனக்கும் கொஞ்சம் பயம் தெளிந்தது.

பிறகு அவர் நெற்றிக்குமேல் கையை வைத்து, தூரத்தில் மெல்லிய கோடாகக் கிடந்த கடலைப் பார்த்தார்.

“வத்துக் கடல்” என்றார். “வா, தண்ணி மட்டுக்கும் நடந்து போட்டு வருவம். மட்டி கிடக்கும்.”

மாமா சாய்வு நாற்காலியிலிருந்து எழும்பினார். “அத்தான், கன தூரம் போகாதேங்கோ. இஞ்சத்தைத் தண்ணி டக்கெண்டு வரும்.”

“மச்சான், நான் கடலுக்க பிறந்தவன். நீ சிப்ஸ் ஆற முன்னம் சாப்பிடு.”

படிக்கட்டின் அடியில் ஒரு பலகை இருந்தது. நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். அந்த ஆங்கிலத்தில் முக்கால்வாசி எனக்கு விளங்கவில்லை. ஆனால் மேலே சிவப்பில் இருந்த ‘ஆபத்து’ என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒரே எழுத்துத்தான். அப்பாவிடம் சொன்னேன். “அது கடல் தெரியாத ஆக்களுக்கு எழுதினது” என்றார்.

நாங்கள் நடந்தோம். அப்பா நண்டு வளைகளைக் காட்டினார். காலால் சேற்றைக் கிளறி மட்டிச் சிப்பி எடுத்துத் தந்தார். மன்னாரில் வற்று என்றால் முழங்கால், பெருக்கு என்றால் இடுப்பு. அதற்கு மேல் கடல் ஏறாது, அதுவும் ஆறுதலாகத்தான் வரும் என்று விளக்கினார். கேட்டுக்கொண்டே அவர் கையைப் பிடித்து நடந்தேன். எல்லாம் தெரிந்த அப்பா ஒருவர் எனக்கும் இருக்கிறார் என்பது அவ்வளவு சந்தோசமாக இருந்தது. திரும்பிப் பார்த்தபோது அம்மாவின் மஞ்சள் சட்டை விரல்நக அளவு ஆகிவிட்டிருந்தது.

தண்ணீர் முன்னாலிருந்து வரும் என்று நினைத்திருந்தேன். அது பின்னாலிருந்து வந்தது. வரும்போது நாங்கள் தாண்டிய, ஈரம்கூட இல்லாமல் இருந்த ஒரு பள்ளம் இப்போது வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. “பெருக்குத்தான். ஒண்டும் செய்யாது” என்றார் அப்பா. நாங்கள் அதற்குள் இறங்கினோம். முழங்கால் வந்தது. இடுப்பு வந்தது. அப்பாவின் கணக்குப்படி அங்கே கடல் நின்றிருக்க வேண்டும். அது அவருடைய நெஞ்சுக்கு வந்தது. அவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பின்வாங்கி, நாங்கள் முன்பு நின்ற மணல்திட்டுக்கே திரும்பினார். திட்டு சுருங்கிக்கொண்டே வந்து, பிறகு காணாமல் போயிற்று. சுற்றிவரப் பழுப்பு நிறத் தண்ணீர். கரையில் ஏதோ சங்கு ஊதியது. நான் அழத் தொடங்கினேன். அப்பா என் காலை இறுக்கிப் பிடித்தபடி, “என்ர குஞ்செல்லே, அப்பா இருக்கிறன், அப்பா இருக்கிறன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணீர் அவர் வயிற்றில் அடித்தது. ஆனாலும் குரல் நிதானமாகவே இருந்தது. அந்தக் குரல் இருக்கும்வரை செத்துப்போக மாட்டோம் என்று நம்பினேன்.

அப்போதுதான் எஞ்சின் சத்தம் கேட்டது.

ஒரு ரப்பர்ப் படகு, கறுப்பு உடுப்பும் தலைக்கவசமும் போட்ட இரண்டு பேருடன், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. “அப்பா, போட்! போட்!” என்று கத்தினேன். அப்பா என்னைத் தோளிலிருந்து இறக்கினார். தண்ணீருக்குள் இறக்கினார். இதை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். உயரத்தில் பத்திரமாக இருந்த பிள்ளையைக் கழுத்தளவு குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்கி, தானும் குனிந்து, என் வாயைக் கையால் பொத்தினார்.

“சத்தம் போடாத. அசையாத.”

அது அப்பாவின் குரல் அல்ல. உப்புத் தண்ணீர் மூக்குக்குள் போயிற்று. மூச்சு விட முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். என்னை அவர் பார்க்கவே இல்லை. படகையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்கவில்லை, பல் கிட்டியிருந்தது. தண்ணீருக்கு நான் பயந்தது உண்மை. ஆனால் அந்த நிமிடத்தில் அப்பாவுக்குப் பயந்ததுபோல வேறெதற்கும் நான் பயந்ததில்லை, அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

படகு எங்களைக் கண்டு திரும்பியது. அப்பா வாயிலிருந்து கையை எடுத்தார்.

“கையைத் தூக்கு” என்றார். “ரெண்டு கையையும். வடிவாத் தெரியத் தூக்கு.”

அவரும் நிமிர்ந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். நான் அவருடைய பாதங்களின்மேல் ஏறி, முதுகை அவர் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, என் கைகளையும் தூக்கினேன். படகில் இருந்த ஒருவர் பெரிதாகச் சிரித்து எங்களுக்குத் திருப்பிக் கையசைத்தார்.

படகில் ஏறியதும் அப்பா செய்த முதல் வேலை, சட்டைப்பைக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த குடியுரிமை அட்டையை எடுத்து அந்த மனிதரிடம் நீட்டியதுதான். “சேர், சேர்” என்றார். அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரியாதைக்கு வாங்கிப் பார்த்து, “கனடா!” என்று மகிழ்ச்சியாகச் சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தார். எங்கள் இரண்டு பேரையும் வெள்ளிநிறத் தாளால் போர்த்தினார். கரை சேரும்வரை அப்பா அட்டையைக் கையிலேயே வைத்திருந்தார்.

கரையில் அம்மா மடு மாதாவைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தார். எனக்கு ஒரு அடி போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். “தோளில இருந்த பிள்ளையை ஏனப்பா தண்ணிக்குள்ள இறக்கினனீங்கள்? நான் பாத்துக்கொண்டெல்லே நிண்டனான்!”

அம்மா இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என்னை விட்டுவிட்டு, துவாயை எடுத்து அப்பாவின் தலையைத் துடைக்கத் தொடங்கினார், எனக்குத் துடைப்பதுபோல. நனைந்தது நானும்தானே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

மொன்றியலுக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். யாரோ லண்டன் பயணம் எப்படி என்று கேட்க, அப்பா கதையை எடுத்தார். பகிடியாகச் சொல்வதில் அவர் கெட்டிக்காரர். கழுதைகளின் பெயர்ப்பட்டி, அம்மாவின் பியர், இடுப்போடு நிற்கவேண்டிய கடல் கேட்டுக்கேள்வியில்லாமல் நெஞ்சுவரை வந்தது எல்லாவற்றுக்கும் மாமாக்களும் சித்தப்பாக்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “பேந்தென்ன, போட் வந்து ஏத்திக்கொண்டு போட்டினம்” என்று முடித்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் வருகிற இடத்தையே விட்டுவிட்டார்.

“இல்லை, அப்பாதான் போட்டைக் கூப்பிட்டவர்” என்று வட்டத்துக்கு நடுவே போய் நின்றேன். “முதல்ல ஒளிச்சனாங்கள். பேந்து இப்பிடிக் கூப்பிட்டனாங்கள்.” இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. சுற்றி நின்றவர்கள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இளைஞர்களாக இருந்தவர்கள். சண்டைக் காலத்தில் கடற்படையின் ரோந்துப் படகுச் சத்தம் கேட்டால் முதலில் குனிய வேண்டும், கண்டுவிட்டால் கையைத் தூக்க வேண்டும், பிறகு அடையாள அட்டையை நீட்ட வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த மண்டபத்தில் அது தெரியாத ஆள் நான் ஒருத்திதான். ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். இன்னொருவர் அப்பாவின் தோளில் கையைப் போட்டார். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் குள்ளமாக இருப்பதால்தான் அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த நாற்காலியில் ஏறி நின்று, கைகளை இன்னும் உயரமாகத் தூக்கினேன்.