இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார்

என் அண்ணன் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. நினைவு ஆராதனைக்கு வரும் உங்கள் எல்லோர் கையிலும் கொடுப்பதற்காக அண்ணி இந்த மலரை அச்சிடுகிறார். "நீயும் ஏதாவது எழுதும்மா" என்று அவர் கேட்டபோது, உள்ளதை உள்ளபடி எழுதுவேன், பிறகு யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அண்ணி சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏதோ இருப்பதாக எனக்குப் பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் அண்ணனின் ஒரே தங்கை. தாம்பரம் கடற்கரை மின்சார ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். டிக்கெட் வைத்திருப்பவர் என்னைப் பார்ப்பார். இல்லாதவர் ஜன்னலைப் பார்ப்பார். வருடக்கணக்கில் இதையே பார்த்து, யாரையும் முழுதாக நம்பும் பழக்கம் எனக்கு விட்டுப் போயிற்று. குடும்பத்தில் என்னைச் சந்தேகப் பேர்வழி என்பார்கள். அண்ணன் மட்டும் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.

அண்ணன் பிறந்தது தாம்பரம் ரயில்வே குடியிருப்பில். அப்பா பணிமனையில் ஃபிட்டர். அண்ணன் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தபோது அப்பா திடீரென்று இறந்துவிட்டார். குடியிருப்பைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அண்ணன் பகலில் படித்து, மாலையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்து எங்களைக் காப்பாற்றினார். பிறகு கிண்டியில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்து ஓய்வு வரை அங்கேயே இருந்தார். என்னைப் படிக்க வைத்ததும், ரயில்வே தேர்வுக்கு சைக்கிளில் உட்கார வைத்து அழைத்துப் போனதும் அவர்தான். நான் சின்ன வயதிலேயே கணவரை இழந்தபோது, ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் மாடி எழுப்பி என்னைக் குடிவைத்தார். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. தனக்கென்று எதையும் கேட்டு வாங்கத் தெரியாதவர். சட்டைகூட அண்ணி எடுத்துக் கொடுத்தால்தான்.

அப்படிப்பட்டவர் ஓய்வுக்குப் பிறகு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார் என்றால் எனக்கு மூக்கில் வேர்க்காதா?

அது பழைய இங்கிலாந்துக் கார். நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை, கரும்பச்சை நிறம், இரண்டு கதவு. முக்கியமாக, இரண்டே இருக்கை. எங்கள் வீட்டில் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் ஷீபா, நான் என்று நாலு பேர். மீதி இரண்டு பேர் எங்கே உட்காருவது என்று கேட்டேன். அண்ணன் துணியை எடுத்து பானட்டைத் துடைத்தார். அண்ணி ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு, "தரையில உக்காந்த மாதிரி இருக்கு, எனக்கு வேணாம்ப்பா" என்று இறங்கிவிட்டார். அப்படியானால் இரண்டாவது இருக்கை யாருக்கு என்ற கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டது.

விற்றவர் கீழ்க்கட்டளைக்காரர். வீட்டின் பின்பக்க ஷெட்டில் தார்ப்பாய் போட்டு வைத்திருந்தார். "ஒரே ஒரு டாக்டர் ஓட்டின வண்டி மேடம், கண்ணு மாதிரி வெச்சிருந்தார்" என்றார். பழைய வண்டி விற்கிற யாரும் டாக்டரை விட்டு வேறு யாரையும் சொல்வதில்லை. நான் டார்ச்சோடு போயிருந்தேன். மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன், கதவைத் தட்டிப் பார்த்தேன், என்ஜினில் வெட்டியிருந்த எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு தனி ஜாதி. ஒரு திருகாணிகூட அந்தக் காலத்துத் திருகாணியாகவே இருக்க வேண்டும் அவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாகப் போய் டிபன் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அண்ணன் ஒரு தடவை அவர்களோடு போய் வந்தார். அதன் பிறகு அவர்கள் எதையெல்லாம் தொடவே கூடாது என்றார்களோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினார்.

முதலில் சாவித் துவாரம் போயிற்று. அந்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்தும் பெரிய பட்டன் வந்தது. "சாவி அடிக்கடி தொலையுது" என்றார். வாழ்நாளில் ஒரு குடையைக்கூடத் தொலைக்காதவர் அண்ணன். அடுத்து, மெல்லிய மர ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டுத் தோல் சுற்றிய தடித்த ஒன்றை வைத்தார். "கை வழுக்குது." பிறகு இருக்கையைத் தூக்கி வைத்தார். "ரோடு தெரியல." கடைசியில் கிளட்சும் கியரும் போய், ஏதோ ஒரு ஜப்பான் காரிலிருந்து எடுத்த ஆட்டோமேட்டிக் கியர் வந்தது. அதற்குக் காரணம் கேட்டபோது, "டிராஃபிக்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பழைய கார் நண்பர் ஒருவர் வந்து பார்த்து, துக்க வீட்டிலிருந்து போவது போலச் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

என் சந்தேகம் முதலில் மெக்கானிக் மணி மேல்தான் விழுந்தது. பல்லாவரத்தில் பட்டறை. அசல் பாகங்களைக் கழற்றி விற்றுவிட்டு அண்ணன் காதில் பூ சுற்றுகிறான் என்று நினைத்தேன். ஒரு நாள் பட்டறைக்குப் போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"நல்லா இருந்த கியரை ஏன் மணி கழட்டின?"

"இன்னாக்கா, சார் சொன்னாரு, செஞ்சேன். வண்டி இப்ப சோக்கா கீது. நீ இன்னாத்துக்கு பேஜார் பண்ற?"

"சார் ஏன் சொன்னார்?"

"அத நீ சார்கிட்ட கேளுக்கா."

சொல்லிவிட்டு மணி வாசலைப் பார்த்தான். டிக்கெட் இல்லாதவன் பார்வை. ஆனால் கழற்றிய பாகங்கள் அத்தனையும் சாக்கு மூட்டையில் கட்டி எங்கள் வீட்டு ஷெட்டிலேயே இருந்தன. நான் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆக, மணி திருடவில்லை. எதையோ மறைக்கிறான், அவ்வளவுதான்.

அதன் பிறகு காரை விட்டுவிட்டு அண்ணனைக் கவனிக்க ஆரம்பித்தேன். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். சபையில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுக்காமல் மனப்பாடமாகப் பாடினார். நடக்கும்போது ஒரு செருப்பு மட்டும் தரையில் உரசும் சத்தம் மாடிவரை கேட்டது. பட்டன், தடித்த ஸ்டீயரிங், உயர்ந்த இருக்கை, கிளட்ச் இல்லாத கியர் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோளாறு காரில் இல்லை, அண்ணனிடம் இருக்கிறது என்று எனக்கு விளங்கியது.

கேட்கலாமா, அண்ணியிடம் சொல்லலாமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று நடந்தது. கீழ்க்கட்டளை வழியாக பஸ்ஸில் வரும்போது, ஒரு டிரைவிங் ஸ்கூல் வாசலில் அந்தப் பச்சைக் கார் நிற்பதைப் பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். அந்த வயதில் அண்ணன் அங்கே எதைக் கற்றுக்கொள்ளப் போகிறார்? அந்தக் காரில் வந்தவரின் தங்கை என்று சொன்னதும் ஸ்கூல் உரிமையாளர் திருதிருவென்று முழித்தார். "சார் சும்மா பேசிட்டுப் போலாம்னு வந்தார் மேடம்" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே காருக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மணியின் கால்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் மாடிப்படி அடியில் நின்று கூப்பிட்டார். "எஸ்தர், வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்." இடது பக்கக் கதவை அவரே திறந்துவிட்டார். உட்கார்ந்து காலை நீட்டினேன். ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தேன். டிரைவிங் ஸ்கூல் கார்களில் சொல்லிக் கொடுப்பவர் பக்கம் இருக்குமே, அந்த மாதிரி ஒரு பிரேக்.

"என்னண்ணா இது?"

"பிரேக்."

"அது உங்க பக்கம்தானே இருக்கணும்?"

"இங்கயும் இருக்கு." ஸ்டீயரிங்கைத் தடவினார். "நரம்புல ஏதோ. டாக்டரைப் பார்த்துட்டுதான் இருக்கேன். இப்போதைக்கு ஓட்டலாம்னு சொல்லியிருக்கார். ஆனா கால் சில நேரம் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. எப்ப நிறுத்திக்கணும்னு ஓட்டறவனுக்குத் தெரியாது, எஸ்தர். பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

"அண்ணிகிட்ட சொல்லலையா?"

"அவ நாளைக்கே வண்டியை வித்துடுவா. ஷீபா அழுவா. நீதான் யாரையும் நம்ப மாட்டியே. என்னையும் நம்பாத. இங்க உக்காரு. நீ என்னிக்கு இதை மிதிக்கறியோ, அன்னிக்கு நான் எறங்கிடறேன். அப்புறம் தொட மாட்டேன்."

இரண்டாவது இருக்கை யாருக்கு என்று அப்போது தெரிந்தது. என் வாழ்க்கையில் எவ்வளவோ பேர் தங்களை நம்பச் சொல்லி என்னிடம் கெஞ்சியிருக்கிறார்கள். நம்பாதே என்று கேட்டுக்கொண்டவர் அண்ணன் ஒருவர்தான். விடிந்ததும், வண்டி நடமாட்டம் குறைவாக இருக்கும் நேரத்தில் மட்டும் என்று ஒரு நிபந்தனை போட்டேன். ஒத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் கோவளத்துக்குப் போனோம், ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு மீன் வாங்க. அண்ணன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அப்பாவின் டார்ச் லைட், லேத் பட்டறை முதலாளி, அண்ணியைப் பெண் பார்க்கப் போன அன்று அறுந்த செருப்பு என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். விசில்கூட அடிப்பார். நான் கடலைப் பார்த்ததே இல்லை. அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கால் அந்த பிரேக்கின் மேல், படாமல் நின்றுகொண்டிருக்கும். வெறும் சந்தேகத்தில் மிதித்துவிட்டால் அவருடைய சந்தோஷத்தைப் பறித்தவள் ஆவேன். மிதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயம். வீடு திரும்பியதும் தொடை கடுகடுவென்று வலிக்கும். அண்ணியிடம் மூட்டு வலி என்று சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை, கோவளம் பஸ் நிறுத்தத்தை நெருங்கும்போது ஒரு பஸ் சாலைக்குள் திரும்பத் தொடங்கியது. அண்ணன் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு எழவில்லை. நான் பார்த்தேன், காத்திருந்தேன், அதற்கு மேல் தாங்கவில்லை. சாலையோரக் கோவில் வளைவு வருவதற்கு முன்பே மிதித்துவிட்டேன்.

கார் குலுங்கி நின்றது. கூடையோடு நின்ற ஒரு மீன்காரப் பெண்மணி, "யோவ் பெருசு, கண்ணு எங்கய்யா கீது?" என்று கத்தினார். அண்ணன் காரை மெதுவாக ஓரம் கட்டினார். பட்டனை அழுத்தி என்ஜினை அணைத்தார். பின்னால் வந்த வண்டிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

"சரி, போதும்" என்றார். இறங்கிச் சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். "எறங்கும்மா. மீன் வாங்கலாம்."

ஷீபாவைத் தொலைபேசியில் வரச் சொன்னார். அவள் பஸ்ஸில் வந்து காரை ஓட்டினாள். அண்ணன் இடது இருக்கையில் உட்கார்ந்தார். இரண்டே இருக்கை என்பதால் நான் மீன் பையோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன். கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றது எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக டிக்கெட் எடுக்க மறந்து, நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே அண்ணன் வீட்டில் எல்லோரிடமும் நோயைப் பற்றிச் சொல்லிவிட்டார். அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. நடை குறைந்து, பேச்சு குறைந்து, படுக்கையே கதியான பிறகும், காலையில் ஷீபா என்ஜினை ஸ்டார்ட் செய்தால் கண்ணைத் திறந்து கேட்பார். சத்தத்தில் கோளாறு இருந்தால் புருவம் சுருங்கும். அதைப் பார்த்து ஷீபா மணிக்குச் சொல்லி அனுப்புவாள். சளி முற்றி, ஒரு காலையில், எங்கள் மூவரின் கைகளும் அவர் மேல் இருக்கும்போது அமைதியாகக் கண்மூடினார்.

அண்ணனின் நோய்க்காலத்தில் உதவிய மருத்துவருக்கும், வீட்டுக்கு வந்து ஜெபித்த ஆயர் ஐயாவுக்கும், அடக்க ஆராதனையில் தோள் கொடுத்த சபையாருக்கும், தெருவில் எங்களுக்குக் காபி கொண்டு வந்து தந்த ஒவ்வொரு வீட்டாருக்கும் எங்கள் நன்றி. மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் அண்ணனைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு படி இறங்கிய மணிக்கு நான் தனியாக நன்றி சொல்கிறேன். அவன் அன்று என்னிடம் மறைத்ததற்கும் சேர்த்துத்தான்.

இனி அண்ணியின் அந்தச் சிரிப்பு. அண்ணனின் சட்டைகளைப் பிறருக்குக் கொடுக்க எடுத்து வைத்தபோது ஒன்றைக் கண்டுபிடித்தேன். மேலே பட்டன்கள் அப்படியே இருந்தன. ஆனால் அவை வெறும் அலங்காரம். அடியில் விரலால் அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் பிரஸ் பட்டன்களை யாரோ பொடிப் பொடித் தையலாக வைத்திருந்தார்கள். கார் வருவதற்கு முன்பே அண்ணன் போட்டுக்கொண்டிருந்த பழைய சட்டைகளிலும் இருந்தன. அப்படியானால் நம் எல்லோருக்கும் முன்பே அண்ணிக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் காரை விற்கவில்லை. 'தரையில உக்காந்த மாதிரி இருக்கு' என்று இறங்கிக்கொண்டாரே, அதையும் நான் இப்போது நம்பவில்லை. இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் நீங்கள் படிப்பீர்கள் அண்ணி. எனக்குப் பதில் வேண்டும்.

பழைய கார்க்காரர்கள் வந்து காரைக் கேட்டார்கள். இரண்டாவது பிரேக்கைக் கழற்றிவிட்டு, சாக்கில் இருக்கும் பாகங்களை மறுபடி பூட்டி அசலாக்கிவிடுவார்களாம். கொடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் ஷீபா ஓட்டுகிறாள், நான் இடது பக்கம் உட்காருகிறேன். நன்றாகவே ஓட்டுகிறாள். "அத்தை, காலை எடுங்க" என்பாள். எடுக்க மாட்டேன்.

போன வாரம் கோவளத்தில் அதே நிறுத்தத்தில் ஒரு பஸ் அதே மாதிரி திரும்பியது. நான் அன்று மிதித்த இடத்தைத் தாண்டி, கோவில் வளைவையும் தாண்டி வந்த பிறகுதான் ஷீபா சாவகாசமாகப் பிரேக் போட்டாள். பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னும் ஒரு லாரி நிற்கும் அளவு இடம் இருந்தது. அன்றும் அவ்வளவு இடம் இருந்திருக்கிறது.

அண்ணன் கால் அன்று சொன்ன பேச்சைக் கேட்டிருக்கும். நான் மிதிக்கட்டும் என்றுதான் அவர் அதை எடுக்காமல் விட்டிருக்கிறார். எல்லாருக்கும் எல்லாம் செய்து கொடுத்தவருக்குத் தானாக அந்தக் காரை விட்டு இறங்க மனம் வரவில்லை. இறக்கிவிட என்னை அழைத்துக்கொண்டு போனார்.

இது என் சந்தேகம் மட்டும்தான். ஆனால் என் சந்தேகங்கள் அவ்வளவாகப் பொய்த்ததில்லை என்பது அண்ணனுக்குத் தெரியும்.

அன்புத் தங்கை,
எஸ்தர்
ராஜகீழ்ப்பாக்கம்